தீவிலுள்ள பழைய ஓய்வு வீடு: பழமை கெடாமல் புதுப்பிப்பது எப்படி?

சிங்கப்பூரின் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து சிறிய விசைப்படகில் ஏறினால், ஏறக்குறைய பத்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு வந்துவிடும். அங்கிருந்து சைக்கிளிலோ நடந்தோ தீவின் கிழக்கு முனைக்குப் போனால், செக் ஜாவா சதுப்புநிலத்தின் ஓரத்தில் ஒரு வீடு நிற்கிறது. சரிவான ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவரில் கருநிற மரச்சட்டங்கள், கூரைக்கு மேல் நீண்டு நிற்கும் புகைபோக்கி. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பார்க்க வேண்டிய வீடு, கண்டல் மரங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது.

இதன் பெயர் 'முதலாம் எண் வீடு'. 1930களில் அன்றைய தலைமை நில அளவையாளர் லாங்டன் வில்லியம்ஸ் தம்முடைய ஓய்வுக்காகக் கட்டிய வீடு இது. குளிர்நாடுகளில் கோடைக்கென்று தீவிலோ கடற்கரையிலோ ஒரு வீடு வைத்துக்கொள்வது வழக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆனாலும் நகரத்தின் புழுக்கத்திலிருந்து தப்பிக்க அன்றைய துரைமார் கடலோரத்திலும் மலையிலும் இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். பினாங்குக் கொடிமலையிலுள்ள பங்களாக்களும் இந்த வகையே. 1923ல் மலை ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அங்கே பங்களாக்கள் இருந்தன. வசதி உள்ளவர்களை ஆட்கள் நாற்காலியில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள்.

முதலாம் எண் வீட்டில் ஒரு கணப்பு, அதாவது குளிர்காய விறகு எரிக்கும் அடுப்பு, உள்ளது. சிங்கப்பூரில் இன்னும் எரியக்கூடிய நிலையில் உள்ள ஒரே கணப்பு இதுதான் என்று சொல்லப்படுகிறது. ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் அதற்கு வேலை இல்லை. புதுப்பிக்க வந்த எந்தக் குத்தகையாளரும் முதலில் இடிக்கச் சொல்லக்கூடிய பொருள் அது. ஆனால் அதையும் புகைபோக்கியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடலோரத்தில் இன்னொரு வீடு மட்டுமே.

இரண்டு முறை தப்பிய வீடு

செக் ஜாவா கரை நிலமீட்புக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே வாழும் கடல் உயிரினங்களைப் பற்றிப் பொதுமக்களும் ஆய்வாளர்களும் எடுத்துச் சொன்ன பிறகு, 2001ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2003 டிசம்பர் 1ஆம் தேதி முதலாம் எண் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தேசியப் பூங்காக் கழகம் அதைப் புதுப்பித்து, 2007ல் செக் ஜாவாவின் வருகையாளர் நிலையமாகத் திறந்தது. சதுப்புநிலத்தின் ஊடாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபாலமும், ஏறக்குறைய 20 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரமும் அப்போதே திறக்கப்பட்டன.

வீட்டின் பயன் மாறியது. தனியார் ஓய்வு வீடு பொதுமக்கள் வந்துபோகும் இடமானது. ஆனால் அதன் உருவம் மாறவில்லை. கூரையும் மரச்சட்டங்களும் கணப்பும் அப்படியே உள்ளன. பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புதிய தேவைக்கு வீட்டைப் பழக்கலாம். அதற்காக வீட்டின் முகத்தைச் சிதைக்க வேண்டியதில்லை.

இடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பழைய வீட்டிலுள்ள ஒவ்வொரு பகுதியும் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. சில பகுதிகள் வீட்டைக் காக்கின்றன: நீண்ட இறவாரம், சுவரிலுள்ள காற்றுத் துளைகள், சுண்ணாம்புப் பூச்சு, தரையைத் தூக்கி நிறுத்தும் தூண்கள். வேறு சில பகுதிகள் அந்த வீடு யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்கின்றன: கணப்பு, செதுக்கிய கைப்பிடி, வண்ணக் கண்ணாடி, தரையிலுள்ள பூ ஓடு.

'இது என்ன வேலை செய்கிறது, அல்லது எதைச் சொல்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாத எதையும் உடைக்கக் கூடாது. உடைத்த பிறகு பதில் தெரிந்தால் பயன் இல்லை. பல வீடுகளில் புதுப்பித்த ஓரிரு ஆண்டுகளிலேயே சுவர் உப்புப் பூத்து, மரம் இற்றுப்போவதற்குக் காரணம், வேலை செய்துகொண்டிருந்த ஒரு பகுதியை 'அழகுக்காக இருந்தது' என்று நினைத்து எடுத்துவிட்டதுதான்.

சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்துள்ள அடிப்படை மூன்று: முடிந்த அளவு பழையதை வைத்துக்கொள்வது, பக்குவமாக மீட்டமைப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது. இந்த வரிசை முக்கியம். மாற்றுவது கடைசி வழி. பட்டியலில் இல்லாத சாதாரண வீட்டுக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதல் வேலை: ஒரு மழைக்காலம் பார்ப்பது

வீட்டை வாங்கிய கையோடு வேலையைத் தொடங்குவது தவறு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். அந்த நாள்களில் வீட்டுக்குள் நின்று பார்த்தால் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவர் காலையில் ஈரமாக இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். வெயில் நாளில் வந்து மதிப்பீடு எழுதும் குத்தகையாளருக்கு இது தெரியாது.

அதே சமயத்தில் ஒவ்வோர் அறையையும் நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்து, கதவு, சன்னல், தூண் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். கழற்றிய சன்னல் பழைய இடத்துக்கே திரும்புவதற்கு இந்த எண்தான் துணை. பழைய வீட்டில் ஒரே அளவாகத் தெரியும் இரண்டு சன்னல்கள் உண்மையில் ஒரே அளவாக இருப்பது அரிது.

கூரை முதலில், சுவர் பிறகு

மழை உள்ளே வரும் வரை சுவருக்குச் செய்யும் செலவு வீண். ஆகவே கூரைதான் முதல் வேலை.

பழைய களிமண் ஓடுகளை மொத்தமாக இறக்கிப் போட்டுவிட்டுத் தகரமோ சிமெண்ட் ஓடோ போடுவது எளிது. ஆனால் களிமண் ஓட்டில் நெடுங்காலம் தாங்கக்கூடியவை நிறைய இருக்கும். ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டிப் பார்த்தால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாகக் கேட்கும். நல்லவற்றை எல்லாம் வீட்டின் முகப்புச் சரிவில் சேர்த்துப் போட்டு, வாங்கிய புதிய ஓடுகளைப் பின்பக்கத்தில் போடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை பழையபடியே இருக்கும்.

ஓட்டுக்கு அடியிலுள்ள சட்டங்களை அப்போதுதான் சோதிக்க முடியும். கூரைச் சந்துகளிலும் புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலே வரும் இடத்திலும் பதித்துள்ள உலோகத் தகடு கிழிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். பழைய வீட்டில் ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பயன்படாத புகைபோக்கியை உச்சியில் மழை இறங்காதபடி மூட வேண்டும், ஆனால் காற்றுப் போக இடைவெளி விட்டு. முழுவதும் அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரில் கறையாக வெளிவரும்.

கூரையிலோ தடுப்பிலோ பழைய சாம்பல்நிறத் தகடுகள் இருந்தால் அவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உடைப்பதும் அறுப்பதும் நுரையீரலுக்கு ஆபத்து. உரிமம் பெற்றவர்களே அகற்ற வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டும்

புதுப்பிக்கும்போது நடக்கும் பெரிய தவறு இங்கேதான். பழைய சுவரில் பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்த்துச் சிமெண்ட் பூசுகிறார்கள். சில மாதங்களுக்குப் பளிச்சென்று இருக்கும். பிறகு தரையிலிருந்து மேலே கறை ஏறும், வண்ணம் உப்பும், பூச்சு பெயர்ந்து கையோடு வரும்.

காரணம் எளிது. பழைய வீடுகள் பலவற்றில் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளை வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். கடலோரத்தில் அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிச் செங்கல்லின் மேற்பரப்பையே உடைக்கும். சுண்ணாம்பு சிதைந்தால் மீண்டும் பூசலாம். செங்கல் சிதைந்தால் சுவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இது. சிமெண்ட் பூச்சைச் செங்கல்லுக்குச் சேதமில்லாமல் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். சுவரைச் சில மாதங்கள் காய விட வேண்டும். பிறகு நன்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஏறக்குறைய மூன்று பங்கு என்ற கலவையை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. பூசுவதற்கு முன் சுவரை நனைப்பதும், பூசிய பின் நேர் வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிடுவதும் அவசியம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெதுவாகக் கல்லாக மாறும் பொருள், அவசரப்படுத்தினால் வெடிக்கும். கடல் மணலை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. மேலே அடிக்கும் வண்ணமும் சுண்ணாம்பு வெள்ளையாகவோ ஈரத்தை வெளியே விடும் வகையாகவோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் போலப் படலம் கட்டும் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் பூசிய அதே கதைதான். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு வேலை தமிழர்களுக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் 'சுணம்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுண்ணம்' என்பதிலிருந்து போனது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1850களின் பிற்பகுதியில் இந்தியக் கைதிகள் கட்டினார்கள். அதன் சுவர்ப் பூச்சு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' முறையில் செய்யப்பட்டது. கைதிகளின் பணியை மேற்பார்த்த மெக்நேர் 1899ல் வெளியான தமது நூலில் அதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்: கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். புலாவ் உபின் கருங்கல்லும் அந்தக் காலத்துச் சிங்கப்பூருக்கு உதவியது. 1851ல் கட்டி முடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அந்தக் கல்லால் ஆனது.

மரம்: முழுவதும் மாற்றத் தேவையில்லை

தூணின் அடிப்பகுதி இற்றுப்போனால் தூணையே மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது தேவைப்படாது. ஈரம் படும் அடிப்பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் செய்த துண்டைப் பொருத்தி ஆப்பு அடிக்கலாம். இது நல்ல தச்சருக்குத் தெரிந்த வேலை. செங்கால் போன்ற கனமான மலாயா மரங்கள் கரையானையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். அதே தரத்தில் இன்று புதிதாக வாங்குவது கடினம், விலையும் அதிகம். ஆகவே பழைய வீட்டிலுள்ள மரம் கையிலிருக்கும் சொத்து.

தூண் நேரடியாக மண்ணில் நிற்கக் கூடாது. கல் அல்லது கான்கிரீட் அடித்தளத்தின் மேல் நின்றால் கரையான் ஏறும் பாதை கண்ணில் படும். வீட்டுக்கு அடியிலுள்ள வெற்றிடத்தை அடைத்து அறையாக்குவது கம்பத்து வீடுகளில் வழக்கமாகிவிட்டது. காற்றோட்டம் நின்றவுடன் தரைப் பலகை கீழிருந்து இறத் தொடங்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில். ஈரமாக்கிச் சுரண்டி, கழிவைக் கட்டி அகற்ற வேண்டும்.

உப்புக் காற்றில் இரும்பு

தீவு வீட்டுக்கும் நகர வீட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உப்பு. சாதாரண ஆணியும் கீலும் கடலோரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். துருவின் பருமன் இரும்பைவிட அதிகம் என்பதால், ஆணி வீங்கி மரத்தையும் கல்லையும் பிளந்துவிடும். புதிதாகப் போடும் திருகும் கீலும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருப்பது நல்லது. முதலில் விலை கூடுதல்தான். ஆனால் ஒவ்வோர் ஆணிக்கும் இன்னொரு முறை படகு பிடித்துப் போவதைக் கணக்கிட்டால் அதுவே மலிவு.

காற்றும் குளிர்சாதனமும்

பழைய வீடு காற்றால் குளிர்ந்தது. உயர்ந்த கூரை, பலகைச் சாய்வுச் சன்னல், சுவரின் உச்சியிலுள்ள துளைக்கல் ஆகியவை வெப்பக் காற்றை வெளியே தள்ளும். குளிர்சாதனம் போடுவதற்காக இவற்றை எல்லா அறைகளிலும் அடைத்துவிட்டால் குளிர்ந்த சுவரில் நீர்த்துளி கட்டும், பூஞ்சை வரும். குளிர்சாதனம் தேவை என்றால் படுக்கை அறை ஒன்றை மட்டும் தனியாக மூடி அமைத்துவிட்டு, மற்ற அறைகளைத் திறந்த நிலையிலேயே விடலாம்.

புலாவ் உபின் போன்ற தீவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூர்ப் பெருந்தீவின் மின்கட்டமைப்போடு உபின் இணைக்கப்படவில்லை. அங்கே வீடுகள் நெடுங்காலம் சொந்த மின்னாக்கியையும் கிணற்றையும் நம்பியே இருந்தன. மின்சாரம் இல்லாமலும் வாழத்தக்க வீடாக வைத்திருப்பது அங்கே வசதிக் குறைவு ஆகாது.

புதிய வசதிகள் எங்கே?

மின்கம்பிகளைத் தயங்காமல் புதிதாக்க வேண்டும். பழைய கம்பியைக் காப்பது மரபுடைமை ஆகாது. அது தீ அபாயம். மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் வேண்டும். ஆனால் சுவரைக் கிழித்துக் கம்பியைப் புதைப்பதைவிட, வரிசையாகச் சுவரின் மேல் குழாயில் கொண்டுபோவது பழைய பூச்சைக் காக்கும்.

சமையலறை, குளியலறை போன்ற ஈர அறைகளைப் பழைய வீட்டின் நடுவில் திணிப்பதைவிடப் பின்பக்கத்தில் தனி இணைப்பாகக் கட்டுவது நல்லது. புதிதாகச் சேர்ப்பது பின்னாளில் வீட்டுக்குச் சேதமில்லாமல் அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அது பழையது போல் வேடம் போடவும் வேண்டாம், பழையதை மறைக்கவும் வேண்டாம்.

அனுமதி

சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் வேலை தொடங்கும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். மலேசியாவில் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ல் இயற்றப்பட்டது. பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அங்கே மரபுடைமைக் கட்டடங்கள் முதல் வகை, இரண்டாம் வகை எனப் பிரிக்கப்பட்டு, வகைக்கேற்ற விதிகள் உண்டு. பினாங்குக் கொடிமலை 2021ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. எந்தப் பட்டியலிலும் இல்லாத வீடானாலும் உள்ளூர் மன்றத்தில் முதலில் கேட்டுவிடுவது பின்னால் வரும் அபராதத்தையும் இடிப்பு உத்தரவையும் தவிர்க்கும்.

செலவை வரிசைப்படுத்துதல்

தீவில் ஒவ்வொரு மூட்டையும் படகில் வர வேண்டும். இடிபாடும் படகிலேயே போக வேண்டும். ஆகவே எவ்வளவு குறைவாக இடிக்கிறோமோ அவ்வளவு செலவு மிச்சம். கையில் பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் போகலாம்:

1. கூரையும் மழைநீர்க் காலும்.
2. வீட்டைச் சுற்றியுள்ள கால்வாய், சுவரோரம் தேங்கும் நீர்.
3. தூண், உத்தரம் போன்ற சுமை தாங்கும் மரங்கள், கரையான்.
4. மின்கம்பி.
5. சுவர்ப் பூச்சு.
6. கதவு, சன்னல்.
7. வண்ணமும் அலங்காரமும்.

பலரும் ஏழாவதிலிருந்து தொடங்குகிறார்கள். கூரை ஒழுகும் வீட்டில் அடித்த வண்ணம் அடுத்த மழைவரைதான்.

தோட்டத்திலும் பட்டணத்திலும்

தீவில் ஓய்வு வீடு வைத்திருப்பவர்கள் நம்மில் மிகச் சிலர். ஆனால் பினாங்கிலும் மலாக்காவிலும் தாத்தா வாங்கிய கடைவீடு, கம்பத்தில் பலகையும் தகரமுமாக நிற்கும் குடும்ப வீடு, தோட்டம் துண்டாடப்பட்ட பின் எஞ்சியிருக்கும் துரை பங்களா, தோட்டத்துக் கோயிலின் பழைய மண்டபம் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். மழையும் உப்பும் கரையானும் இவற்றையும் அரிக்கின்றன. நல்ல எண்ணத்தோடு பூசும் சிமெண்டும் அரிக்கிறது.

வீட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு, விற்பதா புதுப்பிப்பதா என்று பேசும் வேளையில், முதலில் ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் தங்கிப் பார்ப்பது நல்லது. எந்தச் சன்னலைத் திறந்தால் காற்று வரும், எந்தத் தூணில் பிள்ளைகளின் உயரத்தை அப்பா கோடு போட்டு வைத்தார் என்பதெல்லாம் குத்தகையாளரின் மதிப்பீட்டில் வராது. வீட்டில் இருந்தவர்களே அதை எழுதிவைத்து, 'இவற்றைத் தொடக் கூடாது' என்று வேலை தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

செக் ஜாவாவில் அந்தக் கணப்பு இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. குளிர் காய யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஆனால் தன் ஊரை நினைத்துக்கொண்டு வெப்பத் தீவில் ஒருவர் கட்டிய வீடு அது என்பதை, உள்ளே நுழைபவருக்கு முதலில் சொல்வது அந்தக் கணப்புதான்.